ஒன்றாம் எண் கூண்டு

எனக்குப் பயம் அதிகம். இதைச் சொல்ல நான் வெட்கப்படுவதில்லை. பல்லி, லிஃப்ட், நாய், நாய் வளர்ப்பவர்கள், ஃப்ரீவேயில் பக்கத்தில் வரும் லாரி எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். ஆனால் இவை சில்லறைப் பயங்கள். பெரிய பயம் கடல்தான். தீவில் பிறந்தவள் கடலுக்குப் பயப்படலாமா என்று கேட்பவர்கள் யாரும் தீவில் பிறந்தவர்களாக இருப்பதில்லை.

நான் பிறந்தது ராமேஸ்வரம் தீவில். வளர்ந்தது பாம்பனில். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. கரையில் உயரமான கம்பம் ஒன்று உண்டு. கடலில் புயல் உருவாகிவிட்டது என்று செய்தி வந்தால் அதில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூண்டு, இருட்டினால் விளக்கு. எங்கள் அப்பாதான் ஏற்றுவார். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள். ஒன்று என்றால் புயல் எங்கோ தூரத்தில் கிடக்கிறது, கொடியில் காயும் துணியைக்கூட எடுக்க வேண்டாம். எண் ஏற ஏற அது நம்மை நெருங்குகிறது என்று அர்த்தம். பத்து என்றால் தலைக்கு மேல் வந்துவிட்டது. பதினொன்று என்றால் செய்தித் தொடர்பே அறுந்துபோய்விட்டது.

தெருவில் போகிறவர்கள் எல்லாம், "என்னண்ணே, எத்தனாம் நம்பர்?" என்று அப்பாவிடம் கேட்பார்கள். அப்பா சொன்னால் அது அரசாங்கம் சொன்ன மாதிரி. அவர் ஒன்று என்று சொல்லிவிட்டால் நான் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போவேன். இரண்டு, மூன்றுக்கும் போவேன். பயம் வந்தாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். அந்த முகத்தில் பயம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அம்மா மட்டும் அவரிடம் நம்பர் கேட்கமாட்டாள். அவர் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் பிறந்த வீடு தனுஷ்கோடியில் இருந்தது. அறுபத்து நான்காம் வருஷத்துப் புயலில் ஊரோடு அந்த வீடும் போயிற்று, வீட்டில் இருந்தவர்களும் போனார்கள். பிரசவத்துக்குப் போயிருந்த அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் அப்பா பாம்பனுக்கு அழைத்து வந்திருந்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

கல்யாணமாகி நியூஜெர்சி போனேன். பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மென்ட். சுற்றிலும் கார் நிறுத்தும் இடம், புல்வெளி, மறுபடியும் கார் நிறுத்தும் இடம். மற்றப் பெண்கள் ஊர் நினைப்பில் அழுதபோது நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல் இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? அங்கேதான் மகள் பிறந்தாள், அங்கேதான் பயந்து பயந்து கார் ஓட்டக் கற்றேன். தொண்ணூறுகளின் பாதியைத் தாண்டிய பிறகு ஒருநாள் என் கணவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். டெக்ஸாஸில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சி வேலை கிடைத்துவிட்டதாம்.

"டெக்ஸாஸ்ல எங்க?"

"கால்வெஸ்டன். உனக்குப் புடிக்கும். அதுவும் ஐலண்ட்தான்!"

அவர் கோயம்புத்தூர்க்காரர். கடலை விடுமுறைக்குப் போய்ப் பார்க்கும் இடம் என்று நினைத்து வளர்ந்தவர். நான் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

போய்ப் பார்த்தால் இரண்டு தீவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ராமேஸ்வரத்தில் ஜனங்கள் உடுத்திய துணியோடு கடலில் முழுகுவார்கள். கால்வெஸ்டனில் முடிந்தவரை கழற்றிவிட்டு முழுகுகிறார்கள். அங்கே பாவம் கழுவ வருகிறார்கள், இங்கே வெயில் காய வருகிறார்கள். அங்கே மீன் வாடை, இங்கே வெயிலுக்குப் பூசும் எண்ணெய் வாடை. அங்கே நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை தீவை விட்டு வெளியே போக ரயில் மட்டும்தான். காற்று ஓங்கினால் பாலத்தில் அதையும் நிறுத்திவிடுவார்கள். இங்கே அகலமான பாலத்தில் வருகிற கார்களும் போகிற கார்களும் ஓயாது. வீடுகளுக்கு இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பெயின்ட் அடித்து உயரமான கட்டைக்கால்களின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். கீழே கார் நிற்கும். அந்தக் கட்டைக்கால்கள் எதற்கு என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

ஏனென்றால் இரண்டு தீவுக்கும் ஒரே கதைதான். கால்வெஸ்டனையும் ஒரு பெரும்புயலில் கடல் வந்து வாரிக்கொண்டு போயிருக்கிறது, தனுஷ்கோடிக்கு அறுபது எழுபது வருஷம் முன்னால். ஆனால் இவர்கள் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். தப்பி நின்ற பழைய வீடுகளின் வாசலில் அதைச் சொல்லித் தகடு பதித்திருக்கிறார்கள். புயலைப் பற்றிப் படம் காட்டுகிறார்கள், டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். எங்கள் வீட்டில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாத விஷயத்தை இங்கே குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள்.

அம்மா இறந்த மறுவருஷம் அப்பாவை எங்களிடம் வரவழைத்தோம். தீவின் மேற்குக் கோடியில் வாடகை வீடு. எதிரே பெரிய கடல், பின்னால் உள்கடல். வந்த அன்றே இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு அப்பா, "ஆண் கடல், பெண் கடல் ரெண்டும் இருக்கே ஆத்தா, நம்மூரு மாதிரி" என்றார். தனுஷ்கோடிப் பக்கம் அலையடிக்கும் கடலை ஆண் கடல் என்றும் குளம்போல் கிடக்கும் கடலைப் பெண் கடல் என்றும் சொல்வது வழக்கம். புயல் படத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதியில் ஒன்றுக்குப் போகவேண்டும் என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் புரியவில்லை என்றார்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. கூண்டுக் கதையைத் தாத்தா அவளுக்குச் சொல்லிவிட்டார். அதிலிருந்து தினம் காலையில் பால் டம்ளரோடு பால்கனிக்குப் போய், "தாத்தா, வாட் நம்பர் டுடே?" என்று கேட்பாள். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கூண்டே இல்லத்தா" என்பார். அவள் ஓடிவந்து, "நோ கூண்டு டுடே, மாம்!" என்று எனக்குச் சொல்வாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது தேவையாக இருந்தது.

செப்டம்பரில் எங்கள் எதிரே இருந்த வளைகுடாவில் ஒரு புயல் கிளம்பியது. டிவியைத் திறந்தால் சுழலும் வெள்ளை வட்டம். கணவர் முந்தின நாள் சாயங்காலமே மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். புயல் கடந்து போகும்வரை உள்ளேயே இருக்கவேண்டிய குழுவில் அவர் பேரும் இருந்தது. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். மேற்குக் கோடியில் இருப்பவர்கள் போவது நல்லது, ஆனால் கட்டாயம் இல்லை என்று டிவியில் சொன்னார்கள். நான் அப்போதே சூட்கேஸை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டேன்.

அப்பா கேட்டார். "எத்தன நம்பரு போட்ருக்கான்?"

"ஒண்ணுப்பா. கேட்டகரி ஒன். ஒண்ணாகலாம்னு சொல்றான்."

அவர் சிரித்தே விட்டார். "ஒண்ணுக்கா இந்தப் பாடு? சட்டி பானையத் தூக்கிக்கிட்டு ஓடுறாய்ங்க? ஏறட்டும் ஆத்தா. நாலு, அஞ்சுன்னு ஏறுனா அப்பப் பாத்துக்கிருவோம்."

கணவர் போன் செய்தார். "நீ கெளம்பலையா? ஹூஸ்டன்ல என் ஃப்ரெண்ட் வீட்டுக்கு டிரைவ் பண்ணிடு. மாமா என்ன சொல்றாரு?"

"ஒண்ணாம் நம்பர்தான், ஒண்ணும் ஆகாதுங்கறார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி. அவருக்குத் தெரியாததா."

எனக்கு உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் புயல் விஷயத்தில் அப்பாவை மீறி நான் எதையும் செய்ததில்லை. பயம் வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன், இறங்கிவிடும். அன்றும் பார்த்தேன். பால்கனி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு ஆண் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குத் தோசை வார்த்தேன். சூட்கேஸைக் கட்டிலிலிருந்து இறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

பதினொரு மணி இருக்கும். குப்பை போடக் கீழே இறங்கினேன். பக்கத்து வீட்டு அம்மாள் தன் கிழட்டு நாயைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தீவிலேயே பிறந்து அங்கேயே எழுபது வயதைத் தொட்டவள். நாய்க்குப் பயந்து அதுவரை அவளோடு நான் நின்று பேசியதில்லை. என்னைப் பார்த்ததும், இன்னும் நீ போகவில்லையா என்று கத்தினாள். ஒன்றாம் நம்பர்தானே, புயல் இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது என்றேன்.

அவளுக்கு நான் சொன்னது புரியவில்லை. புரிந்தபோது நாயைக் கீழே விட்டுவிட்டு என் தோளைப் பிடித்தாள். இங்கே நம்பர் தூரத்துக்கு இல்லை, காற்றின் பலத்துக்கு என்றாள். ஒன்று என்பதே கூரையைப் பிடுங்கும் காற்று. மொத்தமே ஐந்துதான் உண்டு. அது ஒன்றாகிறதோ ஆகாமல் போகிறதோ, இந்தக் கோடியில் காற்று வருவதற்கு முன்னாலேயே ரோடு முழுகிவிடும், இருக்கிற ரோடு ஒன்றே ஒன்று என்றாள். சொல்லிவிட்டு என் பின்பக்கம் கையைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். பெண் கடல் தன் கரையில் இல்லை. பின்தெருவின் புல்லுக்குள் சத்தமே இல்லாமல் வந்து நின்றிருந்தது. நாய் என் காலை நக்கியது. அதற்குக்கூட நான் பயப்படவில்லை.

படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அப்பா இன்னும் முன்பக்கத்துக் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கெளம்புங்க."

"என்னத்தா, ஏறிருச்சா?"

"ஏறல. இங்க நம்பர் நம்மூர் மாதிரி இல்லப்பா. ஒண்ணுன்னா தூரத்துல இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஒண்ணே கூரையப் பிச்சுக்கிட்டுப் போற காத்தாம். அஞ்சோட முடிஞ்சிருது."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப பத்து?"

"பத்து கிடையாது. பின்னாடி வந்து பாருங்க, தண்ணி ரோட்டுக்கு வந்துருச்சு."

அவர் வந்து பார்க்கவில்லை. எழுந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் என்ன ஆயிற்று என்பதை எழுதுவது எனக்குக் கஷ்டம். உதடு வெளுத்துவிட்டது. சட்டையை எடுத்து மாட்டினார், பித்தானைப் போட முடியவில்லை, விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. "பிள்ளையத் தூக்கு, பிள்ளையத் தூக்கு" என்று மட்டும் சொன்னார். நான் அதுவரை பயந்ததெல்லாம் பயமே இல்லை. பயப்படாத ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்ற தைரியத்தில் பயந்துகொண்டிருந்தேன். இப்போது அவரும் இல்லை.

சூட்கேஸை எடுக்கவில்லை. மகளின் ஒரு செருப்பு விட்டுப்போயிற்று. காரைக் கிளப்பி ரோட்டுக்கு வந்தால் ரோட்டைக் காணோம். இரண்டு பக்கமும் ஒரே பழுப்புத் தண்ணீர், அதன் மேல் மழை. தபால் பெட்டிகள் மட்டும் குச்சியின் மேல் வரிசையாகத் தெரிந்தன. அவை ரோட்டோரம் நடப்பட்டவை, அதனால் அவற்றை வலது பக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் ரோட்டின் மேல் போகிறோம் என்று கணக்கு. கதவுக்கு அடியில் தண்ணீர் உரசும் சத்தம் கேட்டது. கார் நின்றுவிட்டால் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தத் தண்ணீரில் நடக்கவேண்டும், எனக்கு நீந்தத் தெரியாது. ஏழு வயதுப் பிள்ளையும் அறுபதைத் தாண்டிய கிழவரும் என் ஒருத்தி கையில். இது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

"மாம், ரோடு எங்க?" என்று பின்சீட்டிலிருந்து மகள் அழத் தொடங்கினாள். வழக்கமாக இங்கிலீஷிலேயே பேசுகிறவள். அப்பா, "வேணாத்தா, திருப்பு, திரும்பிருவோம், வீட்டுக்கே போயிருவோம்" என்று பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பேசாம உக்காருங்கப்பா!" என்று கத்தினேன். "நீங்க சொன்னதைக் கேட்டது போதும்!"

அவர் என் தோளை விட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு இடத்தில் தபால் பெட்டிகளும் இல்லாமல் போயின. வெறும் தண்ணீர். அங்கே நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. முன்னால் ஒரு வண்டியின் சிவப்பு விளக்கு தெரிந்தது, அதன் பின்னாலேயே போனேன். அந்த வண்டியின் பின்கண்ணாடியில் பக்கத்து வீட்டு நாயின் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மெதுவாகத்தான் போனாள். எனக்காகத்தான் போனாள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஊர்ப் பக்கம் கடலைத் தடுக்க உயரமாகச் சுவர் கட்டிய பகுதிக்கு வந்ததும் ரோடு மேலே ஏறியது, தார் கண்ணுக்குத் தெரிந்தது. பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. பாலம் இறங்கிக் கரை வந்த பிறகு ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திக் கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். அப்பா இறங்கி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார், சின்ன வயதில் பிடிப்பது போலவே. நான் கையைத் தட்டிவிட்டேன்.

ஹூஸ்டனில் கணவரின் நண்பர் வீடு. சின்ன அபார்ட்மென்ட். அந்த வீட்டுப் பெண் கேள்வி எதுவும் கேட்காமல் ரசம் சாதம் கரைத்து மூவருக்கும் கிண்ணத்தில் கொடுத்தாள். அப்பா தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. புயல் ஒன்றாகாமலேயே திசை மாறி வேறொரு கரையில் ஏறிவிட்டதாக டிவி சொன்னது. நான் நம்பவில்லை. அன்று நான் எந்த டிவியையும் நம்பத் தயாராக இல்லை.

மறுநாள் காலை கணவரே கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் இல்லை, படகில் போய்ப் பார்த்தவர்கள் சொன்னபடி நம் வீடும் நிற்கிறது, கீழ்ப்படிகள் மட்டும் போய்விட்டன, ரோடு இன்னும் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது என்றார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அந்த நண்பர் நல்ல மனிதர், சிரிக்க வைக்க நினைத்தார். அப்பாவைப் பார்த்து, "அங்கிள், நீங்க சொன்னதுதான் கரெக்ட்! ஒண்ணாம் நம்பர், ஒண்ணும் ஆகலை பாருங்க. உங்க பொண்ணு சும்மா பயந்து ஓடி வந்துட்டா" என்றார்.

அப்பா எழுந்து பால்கனிக்குப் போனார். முந்தின நாள் கத்தியது எனக்கு உறுத்திக்கொண்டிருந்ததால் பின்னாலேயே போனேன். கீழே கார்கள் நின்றன. மழை விட்டு வெயில் அடித்தது.

"கத்திட்டேன்ப்பா. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கும் ஒண்ணுதான்" என்றார்.

"என்னைக்கு?"

"ஒன்னையும் ஒங்கம்மாவையும் கூட்டியார தனுஷ்கோடிக்குப் போனப்ப. ஒங்கம்மாவப் பெத்தவுக வாசல்ல நின்னு கேட்டாக. காத்து ஒரு மாதிரி இருக்கே மாப்ள, நாங்களும் ஒங்க கூடவே பாம்பன் வந்துரவான்னு. நாந்தேன் சொன்னேன். ஒண்ணுதான் ஏத்திருக்கு மாமா, என்னத்துக்கு வீட்டப் போட்டுட்டு வாரீக, ஏறட்டும், ஏறுனா ஆள் விட்டுச் சொல்றேன்னு."

கம்பியில் நின்ற மழைத்துளிகளை விரலால் வழித்துவிட்டார்.

"ஏறுச்சு. நாந்தேன் ஏத்துனேன். சொல்லிவிட வழியில்லாமப் போச்சு."

ரசம் கரைத்துக் கொடுத்த பெண் உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"ஒங்கம்மா என்னைய ஒரு வார்த்த சொல்லல ஆத்தா. ஆனா சாகுற வரைக்கும் அவ எங்கிட்ட நம்பர் கேக்கல."

முந்தின நாள் காரில் நான் அவரைப் பார்த்துக் கத்தியது அப்போது எனக்கு நினைவு வந்தது. நீங்க சொன்னதைக் கேட்டது போதும். அம்மா சொல்லாமல் வைத்திருந்ததை நான் சொல்லியிருக்கிறேன். அவர் கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன், பிடிக்கப் பயமாக இருந்தது.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். ஒற்றைச் செருப்பு, கையில் யாரோ வீட்டுப் பால் டம்ளர், மேலுதட்டில் பால். அவளுக்கு அன்றும் அது ஒரு காலைப்பொழுதுதான்.

"தாத்தா, வாட் நம்பர் டுடே?"

அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்தார். எதிரே கடல் இல்லை, கார்கள்தான் நின்றன. வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கையை இறக்கி அவள் தலையில் வைத்தார்.

"தாத்தாவுக்குத் தெரியலத்தா" என்றார். "அம்மாட்டக் கேளு."